அசமந்தம்: எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக்கூடாது

மெதுவாக நடக்கிறவரை அசமந்தம் என்று சொல்லக்கூடாது. கூப்பிட்டும் திரும்பாதவரைச் சொல்லலாம். இந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதுகிறவர்கள், கோயில் மலருக்குக் கட்டுரை கொடுக்கிறவர்கள், பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியைகள் என்று யாராவது ஒரு தாளைக் கொண்டுவந்து, "டீச்சர், கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்பார்கள். அந்தத் தாள்களில் அசமந்தம் அடிக்கடி தலைகாட்டுகிறது. வரவேண்டிய இடத்திலும் வருகிறது, வரக்கூடாத இடத்திலும் வருகிறது. வலுவான சொல் அது. இடம் தப்பினால் ஒரு பிள்ளையின் மனசு நோகும்; நியாயமான ஒரு புகார் பிசுபிசுத்துப் போகும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மந்தம் வேறு, அசமந்தம் வேறு

செய்யவேண்டிய வேலை கண்முன்னே கிடக்கிறது. செய்யச் சொல்லியும் ஆயிற்று. அப்படியும் ஓர் அசைவு இல்லை, ஒரு பதற்றம் இல்லை. "எருமை மாட்டின் மேல் மழை பெய்தாற்போல" என்கிறோமே, அந்த நிலைக்குப் பெயர்தான் அசமந்தம்.

அதற்குள் மந்தம் என்ற சொல் உட்கார்ந்திருப்பது காதில் விழும்போதே தெரிகிறது. ஆனால் மந்தத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அதில் திட்டு எதுவும் கிடையாது. வடமொழியிலிருந்து வந்த சொல்; மெல்ல, மென்மையாக என்பதுதான் அடிப்படை. மந்தமாருதம் என்றால் மெல்ல வீசும் காற்று, நம் தென்றல். மந்தகாசம் என்றால் புன்சிரிப்பு. சனிக் கிரகத்துக்கு மந்தன் என்று ஒரு பெயர் உண்டு. சூரியனை ஒரு தடவை சுற்றிவர அதற்கு 29 ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. சோதிடர் கணக்கில் ஒரு ராசியைக் கடக்க இரண்டரை ஆண்டு. அதைப் பார்த்து வைத்த பெயர். சனி தன் பாதையில் தன் வேகத்தில் போய்க்கொண்டுதான் இருக்கிறது, யாரும் அதை அசமந்தம் என்று சொன்னதில்லை.

அன்றாடப் பேச்சிலும் மந்தம் பல இடங்களில் புழங்குகிறது. மத்தியானம் நாசி கண்டார் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தால் வயிறு மந்தமாக இருக்கிறது என்போம். வயசானவருக்குக் காது மந்தம். தீபாவளி முடிந்த கையோடு லிட்டில் இந்தியாக் கடைகளில் வியாபாரம் மந்தம். செய்தியில் பொருளாதார மந்தநிலை. இத்தனை இடத்திலும் யார்மீதும் பழி இல்லை. வயிற்றைத் திட்டுகிறோமா, காதைத் திட்டுகிறோமா? அது அப்படி இருக்கிறது என்று தெரிவிக்கிறோம், அவ்வளவுதான். இதே இடங்களில் அசமந்தத்தைப் போட்டுப் பாருங்கள். "வயிறு அசமந்தமாக இருக்கிறது", "வியாபாரம் அசமந்தம்." ஒட்டவே இல்லை. ஏனென்றால் அசமந்தம் என்று சொல்ல, பொறுப்பு ஏற்கவேண்டிய ஓர் ஆள் வேண்டும். அல்லது ஓர் அலுவலகம், ஒரு குழு, ஏதோ ஒன்று வேண்டும். வயிற்றுக்கும் வானிலைக்கும் அந்தப் பொறுப்பு கிடையாது.

இணையம் சுற்றிக்கொண்டே நிற்கும்போது "நெட் அசமந்தமா இருக்கு" என்று பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நெட் மந்தமாக இருக்கிறது என்றால் போதும். புகார் கொடுத்தும் ஆளை அனுப்பாமல் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றிப் பேசும்போது அசமந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மெல்லப் போவது குற்றமா?

பினாங்கில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க இரண்டு உதாரணம் கைவசம் இருக்கிறது.

ஒன்று, கொடிமலை ரயில். 1923-இல் ஓடத் தொடங்கியது. பழைய ரயிலில் ஏறியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறவேண்டும், மேலே போய்ச் சேர ஏறக்குறைய அரைமணி நேரம் பிடிக்கும். 2011-இல் புது ரயில் வந்தபின் சில நிமிஷத்தில், இடையில் மாறாமல், நேரே உச்சிக்குக் கொண்டுபோய் விடுகிறது. பழைய ரயில் மெதுவான ரயில். அசமந்தமான ரயில் என்று ஒருநாளும் சொல்லமுடியாது. செங்குத்தான மலையில் கம்பி இழுக்க இழுக்க ஏறிக்கொண்டே இருந்தது. அதன் வேலை அது, அதைச் செய்தது.

இன்னொன்று, தைப்பூசத்துக்கு முதல்நாள் புறப்படும் வெள்ளி ரதம். பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போகும் வழி அப்படியொன்றும் தூரம் இல்லை. ஆனால் காலையில் புறப்பட்ட ரதம் போய்ச்சேர இரவாகிவிடும். வழி நெடுக மலைமலையாகத் தேங்காய் குவித்து வைத்துக்கொண்டு சனங்கள் காத்திருக்கிறார்கள். அவர்கள் உடைக்கவேண்டும், அர்ச்சனைத் தட்டு ஏறி இறங்கவேண்டும், ரதம் நின்று நின்றுதான் போகவேண்டும். இதற்குத் தமிழில் அழகான வார்த்தை இருக்கிறது: ஆடி அசைந்து. ரதம் ஆடி அசைந்து வருகிறது. அதே பாட்டில், அவசரம் இல்லாமல் உட்கார்ந்து பேசுவதை ஆற அமர என்கிறோம், நேரம் எடுத்துக்கொண்டு செய்வதைச் சாவகாசமாக என்கிறோம். மூன்றிலும் ஒரு நிறைவு இருக்கிறது. ரதம் அசமந்தமாக வந்தது என்று ஒருவர் கோயில் மலரில் எழுதிக் கொண்டுவந்தார். அவர் நினைத்தது ஆடி அசைந்து. நல்லவேளை, அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிட்டோம்.

ஆக, ஒருவர் மெதுவாக இருக்கிறார் என்று தோன்றினால், அவர் வேலையைச் செய்துகொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். செய்துகொண்டிருந்தால் மெதுவாக, நிதானமாக, ஆடி அசைந்து, எதுவேண்டுமானாலும் சொல்லுங்கள். அசமந்தம் மட்டும் வேண்டாம்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

அசமந்தத்துக்குச் சொந்தக்காரச் சொற்கள் நிறைய. சோம்பல், மெத்தனம், அலட்சியம், சுணக்கம், இழுத்தடிப்பு. எல்லாவற்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, கோபம் வந்தால் கைக்குக் கிடைத்ததை எடுத்து வீசுகிறோம். திருவள்ளுவர் அப்படிச் செய்யவில்லை. மடியின்மை அதிகாரத்தில்,

நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்
கெடுநீரார் காமக் கலன்

என்று 605-ஆவது குறளில் நான்காகப் பிரித்துச் சொல்கிறார். நெடுநீர் என்பது காலத்தை நீட்டிக்கொண்டே போவது, மறவி என்பது மறதி, மடி என்பது சோம்பல், துயில் என்பது தூக்கம். கெட்டுப்போகிறவர்கள் ஆசைப்பட்டு ஏறும் மரக்கலம் இவை என்று பரிமேலழகர் உரை. கப்பல் வந்து போகிற ஊரில் பாடம் நடத்தியவள் என்பதால் அந்தக் கலன் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் சொல்லவருவது, மந்தத்தில்கூட வகை இருக்கிறது. எது என்று பார்த்துச் சொல்லவேண்டும். அசமந்தத்தை இந்த நான்கில் ஒன்றில் மட்டும் அடைக்கமுடியாது. நெடுநீரும் மறவியும் மடியும் கொஞ்சம் கொஞ்சம் கலந்த கலவை அது.

எங்கள் கட்டடத்தில் நடந்ததையே வைத்துச் சொல்கிறேன். லிஃப்ட் பழுதாகிவிட்டது. கட்டட நிர்வாகத்துக்குப் புகார் போயிற்று. இனி அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து வார்த்தை மாறும்.

"சாமான் வெளியிலிருந்து வரணும், வந்ததும் போட்டுடுவோம்" என்று சொல்லி, உண்மையிலேயே சாமானுக்குக் காத்திருந்தால் அது சுணக்கம். வேலை சுணங்குகிறது. யாரையும் குறை சொல்ல இடமில்லை. "ரெண்டு லிஃப்ட்ல ஒண்ணு ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" என்றால் மெத்தனம். நமக்கு என்ன வந்துவிடப்போகிறது என்ற தைரியம் அதில் இருக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டு, கஷ்டம் தெரிந்தும் ஓரமாக வைத்தால் அலட்சியம். வேண்டுமென்றே நாளைக்கு வா, நாளைக்கு வா என்று அலையவிட்டால் இழுத்தடிப்பு. அங்கே மனசு நன்றாகவே வேலை செய்கிறது, நமக்கு எதிராக வேலை செய்கிறது. எழுந்து போய் ஒரு போன் போட உடம்பு வணங்காவிட்டால் சோம்பல்.

கடிதம் மேசைமேல் கிடக்கிறது. அதற்குமேல் இன்னொரு தாள் ஏறியிருக்கிறது. யார் பார்க்கவேண்டிய வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. நேரில் போய் நின்றால், "எந்த லிஃப்ட்டு?" என்று இப்போதுதான் கேள்விப்படுவதுபோல நிமிர்ந்து பார்க்கிறார்கள். கெட்ட எண்ணம் கிடையாது, நல்ல எண்ணமும் கிடையாது. அதுதான் அசமந்தம். எங்களுக்கு நேர்ந்தது அதேதான்.

இந்தப் பிரிவு எதற்கு என்றால், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. சுணக்கத்துக்குப் பொறுமை போதும். மெத்தனக்காரருக்கு ஆபத்தை எடுத்துச் சொல்லவேண்டும். அலட்சியத்துக்கு மேலிடம். அசமந்தத்துக்கோ, இன்னார் இன்ன தேதிக்குள் செய்யவேண்டும் என்று ஒரு பெயரையும் ஒரு தேதியையும் அவர்கள் வாயாலேயே சொல்லவைக்கவேண்டும். தவறான சொல்லைப் போட்டால் தவறான மருந்தைக் கேட்கிறோம்.

கடிதத்தில் போடுவது எப்படி

லிஃப்ட் விஷயமாக மேல்மாடித் தம்பி ஒருவர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்தார். அவர் எழுதியிருந்தது: "எங்கள் நிர்வாகம் மிகவும் அசமந்தமாகவும் அலட்சியமாகவும் மெத்தனமாகவும் பொறுப்பற்ற முறையிலும் நடந்துகொள்வதை வன்மையாகக் கண்டிக்கிறேன்."

கோபம் தெரிகிறது. என்ன நடந்தது என்று தெரியவில்லை. அலட்சியம் என்றால் அவர்களுக்குத் தெரிந்தும் விட்டுவிட்டார்கள் என்று பொருள். அசமந்தம் என்றால் உறைக்கவே இல்லை என்று பொருள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். "தம்பி, நடந்ததை முதலில் சொல்லுங்க. பேரை அப்புறம் வைக்கலாம்" என்றேன். இருவரும் உட்கார்ந்து இப்படி மாற்றினோம்:

"லிஃப்ட் பழுதானதை எழுத்துமூலம் தெரிவித்தோம். கடிதம் கிடைத்ததற்கு அடையாளமாக முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பிறகு நேரில் போய்க் கேட்டபோது, அப்படி ஒரு கடிதம் வந்ததே தெரியாது என்றார்கள். இந்த அசமந்தப் போக்கால் மேல்மாடிகளில் இருக்கும் முதியவர்கள் கிளினிக்குக்குக்கூடப் போகமுடியாமல் வீட்டோடு கிடக்கிறார்கள்."

முத்திரை குத்திய கடிதம், தெரியாது என்ற பதில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகு அசமந்தம் என்ற சொல் தானாக வந்து உட்காருகிறது. படிக்கிறவர் மனசில் அந்தச் சொல் எழுகிற அதே நேரத்தில் நாம் அதை எழுதுகிறோம். ஒரு கடிதத்தில் ஒரு தடவை போதும். "மிகவும்", "வன்மையாக" எதுவும் தேவைப்படவில்லை.

அசமந்தப் போக்கு என்ற தொடரை இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் நிறையவே பார்க்கலாம். அதிகாரிகளின் அசமந்தப் போக்கு என்பது அங்கே வழக்கமான செய்தித் தொடர். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் அதே இடத்தில் பெரும்பாலும் மெத்தனப் போக்கு என்று எழுதுகின்றன. இரண்டையும் படித்து வளர்ந்தவர்கள் நாம் என்பதால் இங்கே இரண்டும் ஓடுகிறது. எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லமாட்டேன். மேலே சொன்ன வித்தியாசத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள்மேல் போடாதீர்கள்

இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஆசிரியர்களிடமும் கேட்கிறேன், அம்மா அப்பாக்களிடமும் கேட்கிறேன்.

"அவன் ஒரு அசமந்தம்" என்று ஆளையே அந்தச் சொல்லாக்கிச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சுத்த அசமந்தம், படு அசமந்தம் என்று அடைமொழியும் சேர்த்துக்கொள்வோம். வளர்ந்த ஆள், பொறுப்பில் இருக்கிற ஆள் என்றால் அது ஒரு விமர்சனம். ஏழு வயசுப் பிள்ளையைச் சொன்னால் அது ஒரு முத்திரை. அந்தப் பிள்ளை அதை நம்பிவிடும். மந்தபுத்தி என்று நேரடியாகச் சொல்ல நமக்கு நாக்கு கூசும்; அசமந்தம் என்று சொல்லும்போது கூசுவதில்லை. ஆனால் பிள்ளையின் காதில் இரண்டும் ஒன்றுதான்.

அசமஞ்சம் என்று இன்னொரு சொல் இருக்கிறது. ஓசை ஒத்துப்போவதால் சிலர் இரண்டையும் கலக்கிறார்கள். அசமஞ்சம் பேச்சில் விவரம் போதாத ஆளைக் குறிப்பது. அதையும் பிள்ளைகள் பக்கம் கொண்டுவராதீர்கள்.

வகுப்பில் ஒரு பிள்ளை எழுதாமல் உட்கார்ந்திருக்கிறது என்றால் காரணம் ஆயிரம். பள்ளி ஏழரைக்குத் தொடங்குகிறது. வேன் வருவதற்காக விடியுமுன்னே எழுப்பிவிடப்பட்ட பிள்ளை அது. பலகையில் எழுதியது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கலாம். சொல்லைக் கேட்டு, அதை உள்ளுக்குள் வாங்கி, பிறகு கையை அசைக்க அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் தேவைப்படலாம். அதற்குத்தான் குறைநீக்கல் வகுப்பு என்று ஒன்று இருக்கிறது.

புதிய ஆசிரியை ஒருவர் தேர்ச்சி அறிக்கைக்கு எழுதிவைத்திருந்த குறிப்பு: "மந்தமாக இருக்கிறாள், கவனம் தேவை." நான் அந்த ஆசிரியையிடம் கேட்டேன்: "எப்ப மந்தமா இருக்கா? எல்லாப் பாடத்திலயுமா? தொடங்கறதுக்கு நேரமாகுதா, முடிக்க நேரமாகுதா?" யோசித்துப் பார்த்துவிட்டு, தொடங்கத்தான் நேரமாகிறது, தொடங்கிவிட்டால் முடித்துவிடுகிறாள் என்றார். "அதையே எழுதும்மா" என்றேன். அறிக்கையில் போனது இதுதான்: "எழுதத் தொடங்க நேரம் எடுத்துக்கொள்கிறாள். முதல் வரியைச் சேர்ந்து எழுதினால் மீதியைத் தானே முடித்துவிடுகிறாள்." அதைப் படிக்கிற அம்மாவுக்கு வீட்டில் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்துவிடும். மந்தம் என்று எழுதியிருந்தால் பிள்ளைக்கு அடிதான் விழுந்திருக்கும்.

வீட்டில் அவசரத்துக்கு ஒன்று சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் "மசமசன்னு நிக்காத, வா" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அதில் அந்த நேரத்துச் செயலைத்தான் சொல்கிறோம், ஆளைச் சொல்லவில்லை. அடுத்த நிமிஷம் பிள்ளை ஓடிவந்தால் அந்தச் சொல் செத்துப்போகும். தூங்குமூஞ்சி என்பதையும் நான் பெரிதாகக் குற்றம் சொல்லமாட்டேன். அந்தப் பெயரில் ஒரு நல்ல மரமே இருக்கிறது. தைப்பிங் ஏரிப் பூங்காவில் தண்ணீருக்குமேல் கிளையைச் சாய்த்துக்கொண்டு நிற்கின்றனவே, அதே மரம்தான். சாயங்காலமானால் இலையை மூடிக்கொள்ளும் என்பதால் நமக்குத் தூங்குமூஞ்சி மரம், மலாய்க்காரர்களுக்குப் புக்குல் லீமா, ஐந்து மணி மரம். பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொன்னால் அந்தப் பெயரில் இருக்கும் கூச்சம் போய்விடும்.

உடம்பு சரியில்லாதவரைச் சொல்லாதீர்கள்

இந்த இடத்தில் சொல் தப்பினால் உயிருக்கே ஆபத்து வரலாம். நம் நாட்டில் டிங்கிக் காய்ச்சல் ஓயாமல் இருக்கிறது. டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், ரொம்பக் கவனமாகப் பார்க்கவேண்டிய நேரம். அப்போது கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், இவற்றோடு ஆள் அளவுக்கு மீறிச் சோர்ந்து துவண்டு போவதும், நிலைகொள்ளாமல் தவிப்பதும் அபாய அறிகுறிகள். காய்ச்சல் விட்டுவிட்டதே, இன்னும் என்ன அசமந்தமாகப் படுத்துக்கிடக்கிறான் என்று வீட்டில் யாராவது சொன்னால், சொன்ன வாய் மூடுமுன் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அது அசமந்தம் கிடையாது.

டாக்டரிடம் தமிழில் சொல்ல வாய்ப்புக் கிடைத்தாலும், "மந்தமா இருக்கான்" என்பதோடு நிறுத்தாதீர்கள். கூப்பிட்டால் கண் திறக்கிறானா, திறந்தும் மறுபடி அசந்துவிடுகிறானா, தண்ணீர் குடிக்கிறானா, கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனான், இதையெல்லாம் சொல்லுங்கள். மொழிபெயர்த்துச் சொல்ல நீங்கள் பக்கத்தில் நின்றால் இன்னும் கவனம். பாட்டி "அசதியா இருக்குப்பா" என்றால் களைப்பு. "தலை சுத்துது" என்றால் வேறு. "ஒண்ணுமே பிடிக்கல" என்றால் அது மனசைப் பற்றியதாகக்கூட இருக்கலாம். மூன்றையும் ஒரே சொல்லாக்கி டாக்டரிடம் கொடுத்துவிடக்கூடாது.

பெரியவர்கள் வரவர எல்லாவற்றிலும் மெதுவாகிவிட்டார்கள், பேச்சும் இழுக்கிறது, குளிர் தாங்கவில்லை என்றால் வயசு என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்துபாருங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் அப்படி ஆகும், அதற்கு மாத்திரை இருக்கிறது. உற்சாகமே இல்லாமல் இருப்பதைச் சொல்ல "சுரத்தே இல்லாம இருக்காங்க" என்ற பேச்சு வழக்கு ரொம்பப் பொருத்தமானது. அதில் குற்றச்சாட்டு துளியும் இல்லை, அக்கறை மட்டும் இருக்கிறது.

சாப்பிட்டபின் கண் சொருகுவதற்கு "உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு" என்று நம்மவர்களே மன்னித்துவிட்டார்கள். அதை விட்டுவிடலாம்.

மலாஸ், லம்பாட், லெம்பாப்

நம் பேச்சில் இந்த இடத்தை மலாய்ச் சொற்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. "மலாஸா இருக்குலா", "பஸ்ஸு லம்பாட்", "சும்மா லெப்பாக் பண்ணிட்டிருந்தோம்." காப்பிக்கடையில் இப்படித்தான் பேசுகிறோம், பேசட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. மலாஸ் சோம்பலுக்கு நேர். லம்பாட் தாமதத்துக்கு நேர். லெப்பாக்குக்குச் சும்மா சுற்றிக்கொண்டிருப்பது என்று ஒரு வரியே எழுதவேண்டியிருக்கும், அதனால் அது நிலைத்துவிட்டது.

லெம்பாப்தான் யோசிக்கவைக்கிறது. ஈரக்கசிவு என்பது அதன் நேர்ப்பொருள். பேச்சில் மெதுவான நெட்டையும் சொல்வார்கள், சட்டென்று புரிந்துகொள்ளாத ஆளையும் சொல்வார்கள். நம் மந்தம் போலவே வேகத்திலிருந்து அறிவுக்குத் தாவிய சொல். தமிழ்ப்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் "லெம்பாப்டா நீ" என்று சொல்லிக்கொள்ளும்போது, மேலே பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதெல்லாம் அந்தச் சொல்லுக்கும் பொருந்தும்.

வீட்டில் தமிழ் தங்கவேண்டும் என்று நினைக்கிறவர்கள், மலாஸ் என்று பிள்ளை சொல்லும்போது திருத்திக்கொண்டே இருக்கவேண்டாம். நீங்கள் பேசும்போது இடம் பார்த்துச் "சோம்பலா இருக்கா?", "அசதியா இருக்கா?", "தூக்கம் வருதா?" என்று கேளுங்கள். மலாஸ் என்ற ஒன்றுக்குள் இந்த மூன்றும் ஒளிந்திருப்பது பிள்ளைக்குத் தானாகவே புரியும்.

எழுதும்போது கவனிக்க

அசமந்தம் பெயர்ச்சொல். அசமந்தமாக இருந்தார்கள், அசமந்தமாகச் செயல்பட்டார்கள், அசமந்தமான பதில், அசமந்தத்தனம் என்றெல்லாம் வரும். "அசமந்தம் செய்தார்கள்" என்று எழுதினால் தமிழ்க் காதுக்கு இடறும். அது செய்கிற காரியம் கிடையாது, இருக்கிற இருப்பு. மேடைப் பேச்சிலும் கடிதத்திலும் முழுசாக அசமந்தமாக என்று சொல்லுங்கள். பேச்சு நடையில் அசமந்தமா போதும்.

வேகத்தை மட்டும் சொல்லவேண்டிய இடத்தில் ஆமை வேகம், நத்தை வேகம் இருக்கின்றன. பாலத்தில் ஜாம், வண்டிகள் நத்தை வேகத்தில் நகர்ந்தன. கொடுத்த மனுவுக்குப் பதிலே இல்லை, என்ன ஆனதென்றே தெரியவில்லை என்றால் கிணற்றில் போட்ட கல். அந்த மனுவைக் கையில் வாங்கியவர்களின் இருப்பைச் சொல்லும்போது அசமந்தம்.

வேறொரு சொல்லோடு சேரும்போது கடைசி ம் போய், வல்லினம் வந்தால் ஒற்று மிகும். அசமந்தப் போக்கு, அசமந்தப் பதில், அசமந்தத் தன்மை. கைப்பேசியில் தட்டும்போது அந்த ஒற்றை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தம்பியின் கடிதத்திலும் முதல் படியில் அசமந்த போக்கு என்றுதான் இருந்தது. ப் சேர்த்து, முத்திரை குத்திய கடிதத்தின் நகலையும் இணைத்து அனுப்பச் சொன்னேன்.